ஊசி போடுற மனிசி

இல்லைப் பிள்ளை, உங்களிலை எனக்கென்ன கோவம். உந்தக் கேள்வியிலைதான் கோவம். தேத்தண்ணி ஆறுது, முதல் அதைக் குடியுங்கோ. கொஞ்சம் மெதுவாக் கதைப்பம் என்ன. பக்கத்து அறையிலை சிஞ்ஞோரா, நான் பாக்கிற இந்த வீட்டுக் கிழவி, இப்பத்தான் கண்ணயர்ந்தவ. எண்பத்தெட்டு வயசு, ரெண்டு காதும் மந்தம். ஆனா தமிழிலை ரெண்டு வசனம் கதைச்சா எப்பிடியோ கேட்டுப்போடும், தன்னைப் பற்றித்தான் எண்டு நினைப்பா.

அதைத் திருப்பி ஒருக்கா வாசியுங்கோ பாப்பம். ஓம், அதுதான். பயிற்சிக் காலத்திலை பாடவாரியா எத்தினை மணித்தியாலம். இந்தக் கேள்வியை ரோமிலை நேர்ஸ்மாரைப் பதியிற கந்தோர்க்காரர் ரெண்டாயிரத்துப் பன்னிரண்டிலை கேட்டவை. பிறகு பதினாறிலை கேட்டவை. இப்ப நீங்கள் ஜெனீவாவிலையிருந்து ஆராய்ச்சிக்கெண்டு பிளேன் ஏறி வந்து கேக்கிறியள். என்ரை மனிசன்கூட ஒரு கேள்வியை என்னட்டை மூண்டுதரம் கேட்டதில்லை.

சரி, எழுதுங்கோ. ஊர் மன்னார். வயசு ஐம்பத்தொண்டு. இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்து பதினாலு வருசம். தொண்ணூற்றி நாலிலை யாழ்ப்பாணத்திலை நேர்சிங் படிக்கச் சேந்தனான். மூண்டு வருசப் படிப்பு. தொண்ணூற்றைஞ்சிலை சனம் முழுக்க யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டது உங்கடை வீட்டிலை கதைச்சிருப்பினம்தானே. நாங்களும் ஆஸ்பத்திரியோடை வெளிக்கிட்டனாங்கள். ஒரு கையிலை சேலைன் போத்தில், மற்றக் கையிலை செருப்பு. சேத்துக்குள்ளை செருப்போடை நடக்கேலாது பாருங்கோ. பிறகு பள்ளிக்கூடங்களிலைதான் வார்ட் நடந்தது. நான் தனிய நிண்டு பாத்த முதல் பிரசவம் ஆறாம் வகுப்பு அறையிலை. கரும்பலகையிலை ஆரோ போட்ட பின்னக் கணக்கு அழியாமல் கிடந்தது, அதைப் பாத்துக்கொண்டுதான் அந்தப் பொம்பிளை முக்கினவ. அந்த ஒரு வருசத்திலை நூறுக்கு மேலை பிள்ளையள் என்ரை கையிலை பிறந்தது. அது எத்தினை மணித்தியாலம் எண்டு ஆர் பிள்ளை எழுதினது? பதிவேடு எழுதவேண்டிய மிஸ் மலேரியாக் காச்சலோடை வாங்கிலை கிடந்தவ.

அதாலை எனக்குக் கிடைச்ச சேர்ட்டிபிக்கற்றிலை மூண்டு வருசம் படிச்சுச் சித்தியடைஞ்சவ எண்டு இருக்கு, மணித்தியாலம் இல்லை. ரோமுக்கு மணித்தியாலம் வேணும். நானும் லேசிலை விடேல்லை. எங்களுக்குப் படிப்பிச்ச சந்திரமதி மிஸ்ஸைக் கொழும்பு வெள்ளவத்தையிலை தேடிப் பிடிச்சன். அந்த மனிசி ஞாபகத்திலையிருந்து ஒரு அட்டவணை எழுதித் தந்தவ. உடற்கூறு இவ்வளவு, பிரசவ வார்ட் இவ்வளவு எண்டு, கோடு போட்டு, கையெழுத்து வைச்சு. அதை மொழிபெயர்த்து, சீல் குத்தி, எம்பசியிலை குடுத்து எடுக்கிறதுக்குள்ளை, முதலே எடுத்து வைச்ச பொலிஸ் றிப்போட் ஆறு மாசம் கடந்து செல்லாமல் போச்சு. அதைப் புதுசா எடுக்க மற்றக் கடதாசி பழசாப் போச்சு. நாய் தன்ரை வாலைப் பிடிக்கச் சுத்துற மாதிரி நாலு வருசம் சுத்தினன். கடைசியா வந்த பதில் என்ன தெரியுமோ? கையெழுத்து வைச்சவ இப்ப ஓய்விலை இருக்கிறவ, அவவின்ரை கையெழுத்து பள்ளிக்கூடத்தின்ரை கையெழுத்தாகாது எண்டு.

சிரிப்பு வருதென்ன. சிரியுங்கோ, நானும் சிரிச்சனான். மனிசன் விமலராஜ்தான் சிரிக்கேல்லை, போய்ப் படுத்திட்டார்.

உங்கடை கொம்பியூட்டரிலை ஒரு படம் காட்டினீங்களே, எந்த நாட்டிலையிருந்து எத்தினை நேர்ஸ்மார் எங்கை போகினம் எண்டு அம்புக்குறி போட்டு. அதிலை என்னைத் தேடினனான். இலங்கைக்காரரின்ரை கணக்கிலை நான் நாட்டை விட்டுப் போன நேர்ஸ். இத்தாலிக்காரரின்ரை கணக்கிலை அப்பிடி ஒரு நேர்ஸ் வந்து சேரவேயில்லை. அப்ப நான் நடுக்கடலிலை எங்கையோ விழுந்திட்டன் போல.

இல்லை, திருப்பிப் படிக்கிறதைப் பற்றி யோசிக்காமல் இருப்பனோ? முதலிலையிருந்து மூண்டு வருசம். பகல் முழுக்க வார்ட்டிலை நிக்கவேணும். அப்ப இந்தச் சிஞ்ஞோராவை ஆர் கழுவித் துடைக்கிறது, வாடகையை ஆர் குடுக்கிறது? சிஞ்ஞோராவின்ரை பேத்தி இஞ்சை நேர்சிங் படிச்சவள். படிச்சு முடிச்ச கையோடை உங்கடை சுவிசுக்குப் போட்டாள், சம்பளம் கூட எண்டு. இஞ்சை நேர்ஸ்மார் காணாது எண்டு பேப்பரிலை எழுதுகினம், ரீவியிலை கத்துகினம். நான் ஒவ்வொரு நாளும் இந்தச் சீசாப் பகுதிக்கு பஸ்ஸிலை வந்து, அந்தப் பேத்தி விட்டிட்டுப்போன கிழவியின்ரை படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டுறன். உங்கடை படத்திலை அந்த அம்புக்குறியையும் போடுங்கோ.

கொஞ்சம் பொறுங்கோ, கூப்பிடுறா. வாறன் சிஞ்ஞோரா, வாறன்!

ஒண்டுமில்லை. மற்றப் பக்கம் திருப்பிவிட்டனான். அவவின்ரை வயித்திலை பாத்தீங்களே, நீலம் பாஞ்ச கண்டல்? கதவடியிலை நிண்டு பாத்தனீங்கள்தானே. நாளுக்கொரு ஊசி, ரத்தம் கட்டாமல் இருக்க. ஐஞ்சு வருசம் நான்தான் போட்டனான், ஒரு புள்ளிகூடத் தெரியாது. சிஞ்ஞோராவின்ரை மகள் என்ரை கையைத் தங்கக் கை எண்டு சொல்லுவா. இப்ப கீழ்வீட்டு ரொசாரியா வந்து போடுறா. சிகரட் கடைக்காரன்ரை மனிசி. குத்துறதைப் பாத்தா மாங்காய் குத்துறா எண்டு நினைப்பியள்.

ஏன் நான் போடுறேல்லை எண்டோ? சொல்லுறன். அதுக்கு முதல் இஞ்சத்தை வழக்கம் ஒண்டு சொல்லவேணும், அது உங்கடை படிவத்திலை எங்கையும் இராது. பலெர்மோவிலை டொக்டர் ஊசி எழுதிக் குடுத்தா சனம் ஆஸ்பத்திரிக்கு ஓடுறேல்லை. பாமசியிலை மருந்தையும் சிரிஞ்சையும் வாங்கிக்கொண்டு நேரை ஊசி போடுற மனிசியட்டைப் போகும். ஒவ்வொரு மாடிவீட்டிலும் ஒரு மனிசி இருப்பா. படிச்சவ இல்லை, தாயைப் பாத்துப் பழகினவ. ஆரும் கேக்கிறேல்லை. போட்டிட்டு ஒரு கோப்பி குடிச்சிட்டுப் போவினம்.

நாங்கள் இருக்கிற அல்பெர்கேரியாப் பகுதியிலை எங்கடை மாடிவீட்டுக்கு நான்தான் அந்த மனிசி. தமிழ்ச் சனம், சிசிலிக்காரர், எல்லாரும் வருவினம். ஆனா நான் ரொசாரியா மாதிரி இல்லைப் பிள்ளை. டொக்டர் மருந்தெழுதின துண்டு பாக்காமல் தொடமாட்டன். முந்தி எந்த மருந்து ஒத்துவரேல்லை எண்டு கேப்பன். போட்டாப் பிறகு பதினைஞ்சு நிமிசம் கதிரையை விட்டு எழும்ப விடமாட்டன். ஒரு நாள் பாமசிக்குப் போய் அட்ரினலின் ஒண்டு கேட்டனான், ஒரு அவசரம் அந்தரத்துக்கு வீட்டிலை கிடக்கட்டும் எண்டு. ஆருக்கும் ஊசி ஒத்துவராமல் மூச்சு அடைச்சா அதுதான் உயிர். அவன் கேட்டான், துண்டு எங்கை எண்டு. இல்லை எண்டன். அப்ப நேர்ஸோ, பதிவு நம்பர் என்ன எண்டான். நான் பனடோல் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்திட்டன்.

பெனடிக்ற் எண்டு எங்கடை ஊர்ப் பெடியன். பெடியன் எண்டாலும் நாப்பத்தாறு வயசு. ஸ்ஃபெர்ராகவால்லோவிலை ஒரு மீன் சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவுறவன். அவன்ரை மனிசி கிளறாவும் நானும் கோயிலிலை ஒண்டாப் பாடுறனாங்கள். போன மாசியிலை அவனுக்கு நெஞ்சுச் சளி, டொக்டர் ஆறு ஊசி எழுதினவர். மூண்டு நாள் போட்டன், ஒண்டும் இல்லை. நாலாம் நாளும் கேட்டனான், கடி, சொறி, மூச்சு முட்டு ஏதும் இருக்கோ எண்டு. இல்லையக்கா எண்டான். போட்டு இருத்தினன். ஐஞ்சு நிமிசம் இருந்திருப்பான், பஸ் போயிடும் அக்கா, பிந்தினா முதலாளி கத்துவான் எண்டு எழும்பிட்டான். நானும் மூண்டு நாள் ஒண்டும் வரேல்லைத்தானே எண்டு விட்டிட்டன். அதுதான் நான் விட்ட பிழை. அது ஒண்டுதான்.

ரெண்டாம் மாடிப் படியிலை குந்திட்டான். நான் ஓடிப் போக சொண்டு வீங்கிட்டுது, தொண்டையிலை விசில் சத்தம். பாத்த உடனை தெரியும் பிள்ளை. என்ன, எவ்வளவு, தொடையிலை எந்த இடம் எண்டு எல்லாம் தெரியும். கையிலை மருந்து இல்லை. ஆம்புலன்சுக்கு அடிக்கச் சொல்லிக் கத்தினன், நாடி நிண்டவுடனை நெஞ்சை அமத்தத் துடங்கினன். பலாரோச் சந்தைக்குள்ளாலை ஆம்புலன்ஸ் வரவேணும், மீன் தட்டுகள் தூக்கி வைக்கவேணும், குடைகள் மடக்கவேணும். இருபத்திரண்டு நிமிசம். விலா எலும்பு முறியிற சத்தம் கேட்டுக்கொண்டு அமத்தினன்.

வந்தவங்களிலை ஒரு இளம் பெடியன் முழங்காலிலை இருந்து என்ரை கையைப் பாத்தான். முகத்தைப் பாக்கேல்லை, கையைத்தான் பாத்தான். நீங்கள் இன்ஃபெர்மியேராவோ, நேர்ஸோ எண்டு கேட்டான். இந்த நாட்டிலை உத்தியோக உடுப்புப் போட்ட ஒருத்தன் என்னட்டை அதைக் கேட்டது அதுதான் முதல்தரம். ஓம் எண்டன். நான் இன்ஃபெர்மியேரா எண்டன். பிறகு அவன் கேட்டதை நான் எடுத்துக் குடுத்தன், பிடி எண்டான் பிடிச்சன், நரம்பு கிடைக்காமல் அவன் தடுமாற நான் கிடைக்கப் பண்ணினன். ஒரு நாலு நிமிசம் இருக்கும். எனக்குச் சொல்ல வெக்கமாக் கிடக்கு, அங்கை ஒருத்தன் செத்துக்கொண்டிருக்கிறான், எனக்கு உள்ளுக்கை ஒரு சந்தோசம்.

பெனடிக்ற் எழும்பேல்லை.

இல்லை, கிளறா முறைப்பாடு குடுக்கேல்லை. கோயிலிலை இப்ப மற்றப் பக்கத்து வாங்கிலை இருக்கிறா, அவ்வளவுதான். ஊசி போட்டு ஆள் செத்தா இஞ்சை தானாவே வழக்கு வரும். அந்தப் பெடியனும் ஒரு வஞ்சகமும் இல்லாமல் நடந்ததைத்தான் எழுதினவன், ஊசி போட்ட பெண், தான் நேர்ஸ் எண்டு சொன்னா எண்டு. ரோமிலை பாத்தா அப்பிடி ஒரு நேர்ஸ் இல்லை. இப்ப குற்றம் ரெண்டு, பதிவில்லாமல் தொழில் செய்தது ஒண்டு, உயிர் போனது ஒண்டு.

எங்கடை அவ்வொக்காத்தோ, வழக்குப் பேசுற அப்புக்காத்தர், நல்ல மனிசன். அவர் சொல்லுறார், அகஸ்ரீனா, இதையே ரொசாரியா செய்திருந்தா அயலுக்கு உதவி, பாவம், ஒண்டும் தெரியாத மனிசி எண்டு கனக்க இழுபடாமல் முடியும். உனக்குத் தெரியும் எண்டு நீ சொன்னதுதான் உன்னைக் கட்டிப் போட்டிருக்கு. படிச்சவ எண்டு நிண்டா, பதினைஞ்சு நிமிசம் இருத்தவேணும் எண்டு தெரிஞ்சும் விட்டவ எண்டு ஆகும். அதாலை கோட்டிலை நீ ஒண்டும் படிக்கேல்லை. ஊரிலை ஆரோ போடப் பாத்துப் பழகினனி. ஆம்புலன்ஸ் பெடியன் கேட்டது உனக்கு விளங்கேல்லை. இதை விட்டு ஒரு சொல்லுச் சொன்னா இஞ்சை இருக்கத் தந்த பெர்மெஸ்ஸோவும் போகும், மகள் யூலியானாவின்ரை படிப்பும் போகும் எண்டு.

நீங்கள் வியாழக்கிழமை வாறன் எண்டு எழுதேக்கை நான்தானே இண்டைக்கு வரச்சொன்னனான். நாளைக்குக் காலமை ஒன்பதரைக்குக் கோட்டிலை என்ரை வழக்கு. அதுக்குப் பிறகு உதொண்டையும் நான் ஆருக்கும் சொல்லேலாது, உங்களுக்கும்தான். ஒருக்கா முழுக்க, மணித்தியாலக் கேள்வியிலையிருந்து, விளங்குற ஒரு ஆளுக்குச் சொல்லிப் பாக்கவேணும் போல கிடந்தது. என்ரை பேரை மட்டும் உங்கடை றிப்போட்டிலை போடாதேங்கோ என்ன.

அழாதேங்கோ பிள்ளை, சிஞ்ஞோரா எழும்பிடுவா. அழுறதை விட்டிட்டு எனக்கு ஒரு உதவி செய்யுங்கோ. நீங்கள் இத்தாலியன் வடிவாக் கதைக்கிறியள். அப்புக்காத்தர் நான் சொல்லவேண்டிய வசனத்தை எழுதித் தந்தவர். தமிழிலை சொன்னா நீதவான் ஐயா, நான் நேர்ஸ் இல்லை, அவ்வளவுதான். ஒரு கிழமையாச் சட்டி கழுவேக்கை சொல்லிப் பாக்கிறன். நடுவிலை நாக்கு நிண்டு போகுது. ஒருக்காக் கேளுங்கோ, பிழை எண்டாத் திருத்துங்கோ. சிஞ்ஞோர் ஜூதிச்சே, இயோ நொன் சோனோ இன்ஃபெர்மியேரா.