நீருக்கு மின்னல்

நீர் வகைப் பூதம் வந்தால் மின்னல் வகையை இறக்க வேண்டும். நெருப்புக்கு நீர், கல்லுக்குச் செடி, செடிக்கு நெருப்பு. இதை மனப்பாடம் செய்ய அரை நாள் போதும். போனில் பூதச் சண்டை விளையாட்டை ஏற்றிக்கொண்டு எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, எந்த வகைக்கு எதிரே எந்தப் பூதத்தை இறக்குவது நல்லது என்று ஒரு பட்டியல் எழுதித் தரும்படி குழுவில் இருக்கும் கல்பனா கேட்டிருந்தாள். அதற்காகத்தான் இந்தத் தாளை எடுத்தேன். மேசைக்கு எதிரே, என் கடையில் வேலை செய்யும் கன்னிகா உட்கார்ந்திருக்கிறாள். அவளும் ஒன்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள். அது மூன்றே வரி. இரண்டு வேலையையும் ஒரே தாளில் முடித்துவிடலாம்.

என் பெயர் உமாபதி. சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் எடுத்து, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. வேலூர், காட்பாடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் தெலுங்கை எப்படியோ பேசிச் சமாளித்துவிடுவார்கள், எழுத்து மட்டும் வராது. போனில் தெலுங்கில் ஏதாவது மெசேஜ் வந்தால் நேராக என் கடைக்கு வந்து போனை நீட்டுவார்கள். படித்துத் தமிழில் சொல்வேன். இதற்குக் காசு வாங்குவதில்லை. பதினோரு வருஷமாகப் படிக்கிறேன். ஒரு மெசேஜையும் தப்பாகப் படித்ததில்லை.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இதில் கோட்டைகள் நிஜமான இடங்களில் இருக்கும். ஒரு பூங்கா, ஒரு சிலை, ஒரு பழைய மண்டபம் என்று எங்கு வேண்டுமானாலும் இருக்கும். அங்கே அவ்வப்போது ஒரு பெரிய பூதம் இறங்கும். யாராவது ஒருவர் அந்த இடத்துக்கே போய்ப் போனோடு நிற்க வேண்டும். மற்றவர்கள் அவரவர் இடத்திலிருந்தே சேர்ந்துகொள்ளலாம். ஐந்து நிமிஷத்துக்குள் அதை அடித்து வீழ்த்த வேண்டும். யார் போய் நிற்பது, யார் எந்தப் பூதத்தை இறக்குவது என்று முன்கூட்டியே தீர்மானிக்காவிட்டால் காரியம் கெட்டுவிடும். சித்தூரிலும் திருப்பதியிலுமாக எங்கள் குழுவில் முப்பது பேர். ஏழு வருஷம் அந்தத் தீர்மானம் என்னுடையது. “உமாபதி அண்ணன் லிஸ்ட் வந்துச்சா?” என்று கேட்காமல் யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். எனக்கு வீட்டில் பெண்டாட்டி பிள்ளை கிடையாது, கடையை விட்டால் அந்தக் கேள்விதான்.

தங்கவேலுவை நான்தான் குழுவில் சேர்த்தேன். காட்பாடிக்காரன், மாம்பழ ஜூஸ் ஃபேக்டரியில் மெஷின் பார்க்க வந்தவன். கன்னிகாவைக் கல்யாணம் செய்துகொண்டு குடிபாலாவில் வாடகைக்கு இருந்தான். ஏதோ ஒரு தெலுங்கு மெசேஜைக் காட்ட வந்தவன், என் போனில் பூதத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணா, நீங்களும் ஆடுவீங்களா?” என்று வாயெல்லாம் பல்லாக நின்றான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கும்.

அவன் வந்த மூன்றாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழுவில் பத்துப் பேர் திருப்பதியில் கூடினோம். ஏரிமுழுங்கி என்று நாங்கள் பெயர் வைத்திருந்த நீர் வகைப் பூதம் ஒரு பூங்காவில் இறங்கியிருந்தது. என் பட்டியல்படி எல்லாரும் இடிக்கொம்பனை இறக்கினார்கள். மின்னல் வகையில் அதைவிடப் பலமானது கிடையாது. இரண்டு முறை தோற்றோம். மூன்றாவது முறைக்கு முன்னால் தங்கவேலு தயங்கித் தயங்கி வாயைத் திறந்தான்.

“தப்பா நெனைக்காதீங்கண்ணா. இடிக்கொம்பன் கரண்ட் டைப்புதான். ஆனா அது அடிக்கிற அடி கரண்ட் அடி இல்ல, சாதா முட்டு. டைப்ப மட்டும் பாத்தா ஆவாது. அது இன்னா அடி அடிக்குதுன்னு பாக்கணும்.”

அவன் மின்கொக்கை இறக்கச் சொன்னான். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத சின்னப் பூதம், ஒற்றைக் காலில் நிற்கும். ஆனால் அடி முழுக்க மின்னல். ஒரு நிமிஷம் மிச்சமிருக்கும்போதே ஏரிமுழுங்கி விழுந்துவிட்டது.

கல்பனா கைதட்டிச் சிரித்தாள். திருப்பதியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறவள், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத பெண். “அவுனா? அப்பிடியா? அப்போ ஏழு வருசமா நாம்பெல்லாம் தப்பாவே அடிச்சிக்கினு இருந்தோமாண்ணா?” என்றாள். பத்துப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சித்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வயிறெரிந்தேன். அதை மறைப்பதில் பயனில்லை.

அதற்கப்புறம் குழுவில், “தங்கவேலு, லிஸ்ட் போடுப்பா” என்றுதான் மெசேஜ் வரும். யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். நான் கோபப்படுகிற ஆள் இல்லை. அவன் கடைக்கு வந்தால் டீ சொல்வேன், அவன் மெசேஜைப் படித்துக் கொடுப்பேன். ஆனால் ஏழு வருஷப் பழக்கம் விடுமா? யாரைப் பார்த்தாலும் இவர் எந்த வகை, இவருக்கு எதிரே எதை இறக்குவது என்று மனம் தானாகக் கணக்குப் போடும். தங்கவேலுவிடம் பலவீனம் தேடினால் லேசில் கிடைக்காது. மெஷின் தெரியும், மனிதர்களைத் தெரியும், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. தெலுங்கு எழுத்து மட்டும் தெரியாது. அதற்கு அவன் என்னை நம்பியிருந்தான்.

போன வருஷம் மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. குடிபாலா தாண்டி ஒரு பாறைக் குன்று இருக்கிறது. அதன் உச்சியில் பாதி இடிந்த நாலுகால் மண்டபம். விளையாட்டில் அது ஒரு கோட்டை. அங்கே ஏரிமுழுங்கி இறங்குகிறது என்று தெரிந்ததும் தங்கவேலு குழுவில் எழுதினான்: “இன்னிக்கு லிஸ்ட் உமாபதி அண்ணன் போடட்டும். அவருதான் நமக்கெல்லாம் பெரியவரு.”

அவன் அதை நல்ல மனதோடு எழுதினான். எனக்கு அது பிச்சை போட்ட மாதிரி இருந்தது.

பட்டியல் போட்டேன். இந்த விளையாட்டு வெளியே இருக்கும் நிஜ வானத்தைப் பார்க்கும். மழை மேகம் கூடினால் மின்னல் வகையின் அடி இன்னும் பலமாக விழும். அப்படிப்பட்ட வானத்தில் மூன்று பேர் போதும். குன்றின் மேல் தங்கவேலு, சித்தூர் கடையிலிருந்து நான், திருப்பதியிலிருந்து கல்பனா. குன்றுக்குப் பக்கத்தில் வீடு அவனுக்கு. மின்கொக்குகளில் பெரியதும் அவனுடையது. அந்தப் பட்டியலில் இன்றைக்கும் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

நாலு மணி பத்து நிமிஷத்துக்கு அவன் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். கையோடு போனும் வந்தது.

“அண்ணா, மேல ஏறப்போறேன். மானம் கருத்துக்கினு வருது, நம்ம கொக்குக்கு நல்ல நேரம். தெலுங்குல ஒரு மெசேஜ் வந்துகீது, அனுப்பிகிறேன் பாருங்க. இன்னா அது?”

நான் அதை இரண்டு முறை படித்தேன். கடையில் வேறு யாரும் இல்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

“கரண்ட் கட்டாம்ப்பா, ஏழு மணி வரைக்கும். நீ மேல போ.”

“சரிண்ணா” என்று வைத்துவிட்டான். நாற்பது விநாடி பேச்சு.

சண்டை தொடங்கியது. கோட்டையில் அவன் ஏற்கெனவே ஒரு மின்கொக்கைக் காவலுக்கு நிறுத்தியிருந்தான். இன்னொன்றைச் சண்டைக்கு இறக்கினான். இரண்டு நிமிஷம் அருமையாக அடித்தான். பிறகு அவன் கொக்கு அடிப்பதை நிறுத்திவிட்டது. ஏரிமுழுங்கி திருப்பி அடித்தது, அது ஒதுங்கவில்லை. சும்மா நின்றுகொண்டு அடி வாங்கியது. “தங்கவேலுக்கு நெட் போச்சா?” என்று கல்பனா எழுதினாள். “சிக்னல் ப்ராப்ளம்” என்று எழுதினேன். அடிப்பதை நான் நிறுத்தவில்லை. பதினோரு விநாடி மிச்சமிருக்கும்போது ஜெயித்தோம்.

மழை விட்டதும் ஆடு மேய்க்கிறவர்கள் அவனைக் கண்டுபிடித்தார்கள். போன் தள்ளிப் போய் விழுந்து, ஒரு மூலையில் விரிசலோடு பிழைத்துக் கிடந்தது. உடலைக் காட்பாடிக்கு எடுத்துப் போனபோது வண்டி ஏற்பாடு செய்தவன் நான். நிவாரணம் கேட்டுத் தாசில்தார் ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுத்ததும் நான். அதில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கன்னிகா கடைக்கு வந்தாள். அவன் போனை நீட்டினாள்.

“அண்ணா, ஏறதுக்கு முன்ன அவரு உங்களுக்கு இத அனுப்பிகிறாரு. இன்னா இது?”

“கரண்ட் கட் மெசேஜும்மா.”

அவள் தலையாட்டினாள். பிறகு தனக்கு ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டாள். கடையில் ஆள் தேவையாகத்தான் இருந்தது. ஒரு மாதம் ஜெராக்ஸ் மட்டும் பார்த்தாள். அப்புறம், “எனக்குத் தெலுங்கு எழுத்து சொல்லிக் குடுங்கண்ணா. எத்தினி நாளிக்கு எல்லாத்தையும் உங்களயே கேட்டுக்கினு இருக்கறது?” என்றாள். எனக்கு இது வேண்டாத வேலை என்று அப்போதே தெரியும். ஆனால் மாட்டேன் என்பதற்கு என்ன காரணம் சொல்வது? தினம் நாலு எழுத்து எழுதிக் காட்டினேன். கெட்டிக்காரி. பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, கடைப் பெயர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக் கூட்டினாள்.

இதற்கிடையில் அந்தக் கொக்கு. குன்றின் மேல் அவன் காவலுக்கு நிறுத்திய மின்கொக்கு இன்னும் அங்கேயே நிற்கிறது. அந்தக் கோட்டைக்கு யாரும் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் தீனி இல்லாவிட்டால் காவல் பூதம் வாடிப்போய் இறங்கிவிடும். குழுவில் யாரும் எங்கிருந்தும் தீனி போடலாம். நான் தினம் காலையில் கடையைத் திறந்ததும் போடுகிறேன். தீனி போட்டால் சொந்தக்காரன் போனில் ஒரு மணி அடிக்கும். அந்தப் போனைக் கன்னிகா சார்ஜ் போட்டுக் கைப்பையிலேயே வைத்திருக்கிறாள், அதில் அவன் குரல் இருக்கிறது என்பதற்காக. ஆகவே தினம் காலையில் நான் இங்கே விரலை வைப்பேன், மேசைக்கு அந்தப் பக்கம் பைக்குள் டிங் என்று அவன் போன் கூப்பிடும். முதல் நாள் அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். நான்தான் என்று சொன்னதும் அழுதாள்.

ஒரு முறை நிறுத்திப் பார்த்தேன். முதல் நாள் கொக்கு தலையைத் தொங்கப்போட்டது. இரண்டாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு, ஒற்றைக் காலில், மழையில் நின்றது. சித்தூரில் பெய்யாத மழை அந்தப் பாறை மேல் பெய்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் கடையைத் திறக்கும் முன்பே தெருவில் நின்று தீனி போட்டேன். கன்னிகா வரவில்லை, பையும் இல்லை. இருந்தாலும் அந்த மணி காதில் கேட்டது. சாப்பிடும்போது கேட்கிறது, குளிக்கும்போது கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. “உமாபதி அண்ணன் மாதிரி யாரு இருப்பாங்க, இன்னும் தங்கவேலு பூதத்துக்குத் தீனி போட்டுக்கினு கீறாரு” என்று கல்பனா குழுவில் எழுதினாள். முப்பது பேரும் கைகூப்பும் பொம்மை போட்டார்கள்.

போன வாரம் குடிபாலாவிலிருந்து துலுக்காணம் என்ற விவசாயி வந்து போனை நீட்டினார். நான் பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கன்னிகா வாங்கி எழுத்துக் கூட்டினாள். “இடி விழுமாம் பெரியவரே. பாறை மேல, மரத்தடியில நிக்காதீங்கன்னு போட்டுகிறாங்க. ஊட்டுக்குள்ளவே இருங்க.” அவர் போன பிறகும் அவள் கை அப்படியே நின்றிருந்தது. பிறகு பையைத் திறந்து அவன் போனை எடுத்தாள். அன்றைக்கு வந்த மெசேஜைத் திறந்து எழுத்துக் கூட்டினாள். ஒரு வாரமாக வேலைக்குச் சரியாக வந்தாள், சரியாகப் போனாள்.

இன்று மத்தியானம் அந்த மெசேஜைத் திறந்து அவன் போனை மேசையில் என் முன்னால் வைத்தாள்.

“ஊர்ல எல்லாருக்கும் எழுதிக் குடுக்கிறீங்க இல்ல. எனக்கும் இத தமிழ்ல எழுதிக் குடுங்க. கீழ உங்க கையெழுத்து, சீல்.”

“உனக்கே படிக்கத் தெரியுமேம்மா.”

“தெரியும். நீங்க எழுதணும்.”

அதனால் எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் பட்டியலைக் கவனமாகப் பாருங்கள். வகையை மட்டும் பார்க்காதீர்கள், அது என்ன அடி அடிக்கிறது என்று பாருங்கள். இது தங்கவேலு சொன்னது, சரியானது. என்னைப் பார்க்கிறவர்கள் சாது என்பார்கள். மேகத்தை நான் கூட்டவில்லை. அவனைத் தள்ளவுமில்லை. அவன் கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும்தான் சொன்னேன்.

மெசேஜின் தமிழாக்கம்:

குடிபாலா மண்டலத்தில் அடுத்த நாற்பது நிமிடங்களில் இடி விழும் அபாயம் உள்ளது.
பாறை, மரத்தடி, திறந்த வெளி ஆகிய இடங்களில் யாரும் நிற்க வேண்டாம்.
உடனே பாதுகாப்பான கட்டடத்துக்குள் செல்லவும்.

கன்னிகா எதிரே காத்துக்கொண்டிருக்கிறாள். சீலும் வைத்துவிட்டேன். யாரும் என் வேலையில் சந்தேகப்பட வேண்டாம். பதினோரு வருஷத்தில் நான் ஒரு மெசேஜையும் தப்பாகப் படித்ததில்லை. அன்றைக்கும் சரியாகத்தான் படித்தேன்.