அப்பாவுக்கு எதுவும் தெரியாது

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன். சைப்ரஸ் தீவில், லார்னகா ஊரில், குடியேற்ற அலுவலக வாசல் பெஞ்சில் இரண்டு பேர். லோயிசோஸ் அந்த ஊர்க்காரன், ரொட்டிக் கடையில் வேலை. மாரிவிக் பிலிப்பைன்ஸிலிருந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டவள், இப்போது விவாகரத்து ஆனவள்; இருவருக்கும் ஒரு சின்ன மகள். இனி அவர்களே பேசட்டும்.

மாரிவிக்: ...பிள்ளையோட டாக்டர் பேரு?

லோயிசோஸ்: டாக்டர் நியோஃபிதா. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம்...

மாரிவிக்: போச்சு! தெரியாதுன்னு சொல்லணும்.

லோயிசோஸ்: வாயில தானா வருதே.

மாரிவிக்: வராம பாத்துக்க. அவ எதைச் சாப்பிட மாட்டா?

லோயிசோஸ்: வெண்டைக்கா... இல்ல, இல்ல, தெரியாது!

மாரிவிக்: தலை யார் பின்னி விடறது?

லோயிசோஸ்: நான்தான். நீ பின்னினா பள்ளிக்கூடம் போறதுக்குள்ள அவுந்துடுதே.

மாரிவிக்: அடப்பாவி! உள்ள போய் இதையும் பெருமையாச் சொல்லு. வக்கீலம்மா என்ன சொன்னாங்க?

லோயிசோஸ்: விவாகரத்தோட உன் விசா போச்சு. நம்ம கிறிஸ்டல்லா இந்த நாட்டுப் பிள்ளை. அவளை வளக்க நீ இருந்தே ஆகணும்னாதான் உன்னை விடுவாங்க.

மாரிவிக்: அப்பனே நல்லாப் பாத்துக்கிறான்னு தெரிஞ்சா?

லோயிசோஸ்: அம்மா ஊருக்குப் போகலாம்னுடுவாங்க.

மாரிவிக்: அப்ப நீ யாரு?

லோயிசோஸ்: உதவாக்கரை. மாசத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாக்கறவன்... ஏன் மாரிவிக், பேசாம இன்னொரு தடவை கல்யாணம் பண்ணிக்கலாமா?

மாரிவிக்: ஒரு தடவை பட்டது பத்தாதா? உங்கம்மாகூட இன்னொரு ஈஸ்டரா? அதுக்கு நாடு கடத்தினாலே தேவலை!

லோயிசோஸ்: ஹா! அவங்க காதுல விழணும்...

மாரிவிக்: சிரிக்காத. சோகமா இரு... வேணாம், சோகமும் வேணாம். அக்கறை இருக்கற மாதிரி தெரியும்.

லோயிசோஸ்: எல்லாத்தையும் எழுதி வெச்சுக்குவாங்க, இல்ல? நாளைக்கு அவ பெரியவளாகி அதைப் படிச்சா...

மாரிவிக்: இரு, உன் காலர் மடங்கிக் கிடக்கு.

லோயிசோஸ்: சரி விடு. என் பேரைக் கூப்பிடறாங்க.

மாரிவிக்: லோயிசோஸ்... ஒண்ணுமில்ல. போ.

*

மாரிவிக்: வந்துட்டியா! அரைமணி நேரமாச்சு. டாக்டர் பேரு கேட்டாங்களா?

லோயிசோஸ்: தெரியாதுன்னேன்.

மாரிவிக்: டீச்சர் பேரு?

லோயிசோஸ்: தெரியாது. பிறந்தநாளைக்கூட மாத்திச் சொன்னேன். அந்த அதிகாரியம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு ஒரு பார்வை பாத்தாங்க பாரு...

மாரிவிக்: கெட்டிக்காரன்! நீ நடிக்கப் போயிருக்கணும்... ஏன், மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?

லோயிசோஸ்: கடைசியா ஒண்ணு கேட்டாங்க. அம்மாவை அனுப்பிட்டா பிள்ளை எப்படி இருக்கும்னு.

மாரிவிக்: நீ என்ன சொன்ன?

லோயிசோஸ்: தெரியாதுன்னுதான். உள்ள நான் சொன்னதுல... அது ஒண்ணுதான் பொய்யில்ல.

*

கேட்ட உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் வாசலில் பெரிய செருப்பும் சின்னச் செருப்பும் பிரியாமல் கிடக்கட்டும்.