நான்கு வால்வுகள்

கேட் வால்வை மூடும்போது கடைசிவரை இறுக்கக் கூடாது, மேடம். கால் சுற்று விட்டுவைக்க வேண்டும். இல்லையென்றால் உப்புப் பிடித்து இறுகிவிடும். அப்புறம் எந்த ஸ்பானருக்கும் மசியாது. பத்தொன்பது வருடமாக டேங்க் ஆபரேட்டராக இருக்கிறேன். என் கையில் ஒரு வால்வும் கெட்டதில்லை, ஒன்றைத் தவிர. அதற்கு வருகிறேன்.

என் பெயர் பச்சைமுத்து. திண்டிவனத்துக்குத் தெற்கே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஊருக்கு ஒரு டேங்க், காலனிக்கு ஒரு டேங்க். போர்வெல்லும் இரண்டு. ஏரிக்கரையில் ஒன்று, மூடிப்போன கல்குவாரிப் பக்கம் ஒன்று. இரண்டு குழாயும் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழியில் வந்து சேர்கின்றன. அந்தக் குழியில் நான்கு வால்வுகள். எந்தப் போர்த் தண்ணீரையும் எந்த டேங்குக்கும் திருப்பலாம்.

முதலில் குவாரித் தண்ணீர் குடித்தது நாங்கள்தான். அதை எழுதிக்கொள்ளுங்கள். ஊர் டேங்குக்கு அதுதான் போனது. வேட்டி பழுப்பேறும். குடத்தின் உட்புறம் மை பூசியதுபோல் கறுப்பாகப் படியும். என் மனைவி அம்சா புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. எட்டு வருடத்துக்கு முன் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினோம். பதில் கடிதம் வந்தது. மாங்கனீசு அளவுக்கு மேல் பல மடங்கு. நாள்பட்டால் மூளையையும் நரம்பையும் பாதிக்கக்கூடும். இந்தப் போர்த் தண்ணீரைக் குடிக்கப் பயன்படுத்த வேண்டாம். பஞ்சாயத்து கிளார்க் அதைப் படிக்காமலேயே என்னிடம் நீட்டி, பார்த்துக்கொள் என்றார். பார்த்துக்கொண்டேன்.

ஒரு போரை மூடினால் மிச்சம் ஒன்று. இரண்டு டேங்குக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். ஊரில் முந்நூறு வீடு, காலனியில் எண்பது. குழாயடியில் சண்டை வரும், ரோட்டில் மறியல் வரும். என் பெண் கலைப்பிரியாவுக்கு அப்போது நாலு வயது. யோசித்துத்தான் செய்தேன். நான்கு வால்வுகளையும் மாற்றித் திருகினேன். பத்து நிமிட வேலை. ஏரித் தண்ணீர் ஊருக்கு, குவாரித் தண்ணீர் காலனிக்கு. யாருக்கும் ஒரு குடம் குறையவில்லை.

கடிதத்தை பிளீச்சிங் பவுடர் டிரம்முக்கு அடியில் வைத்தேன். அதற்குப் பிறகு சோதனைக்கு இரண்டு பாட்டில் கேட்டால் இரண்டையும் ஏரிக்கரைப் போரிலேயே நிரப்பினேன். அம்சா மட்டும் ஒருமுறை, குடம் வெளுத்துவிட்டதே என்றாள். போரைச் சுத்தம் செய்தோம் என்றேன்.

இனி பெரியசாமி. காலனிக்காரன். ஐந்தாவது வரை என்னோடு படித்தவன். இரண்டு டேங்கையும் ஏறிக் கழுவுவது அவன் வேலை. உள்ளே நின்று அவன் அடிக்கும் கிண்டல் எதிரொலித்து, கீழே நிற்கிறவனுக்கு இரண்டு தரம் கேட்கும். நாலைந்து வருடத்தில் அது நின்றுபோனது. முகம் பலகைபோல் ஆனது. குதிகால் தரையில் படாமல், விரல்களை மட்டும் ஊன்றிச் சேவல்போல் நடந்தான்.

"பச்ச, சிரிப்பு வருதுபா. மூஞ்சிதான் வர மாட்டேங்குது" என்றான் ஒருநாள், டீக்கடையில்.

"காலையிலேயே ஊத்திக்கினு வந்தா மூஞ்சி எப்டிபா வரும்?" என்றேன்.

நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் குடித்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தப் பேச்சு ஊரில் நிலைத்துவிட்டது. அவன் நடையும் அதற்குத் தோதாக இருந்தது.

அவன் மனைவி ஜெசிந்தா அவனைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போய்க் காட்டினாள். இதுதான் காரணம் என்று உடனே சொல்ல முடியாது, குடிக்கிற தண்ணீரின் ரிப்போர்ட்டைக் கொண்டு வா, அதில் ஏதாவது இருந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும் என்றாராம் டாக்டர். அவள் கொட்டகைக்கு வந்தபோது நான் அந்த டிரம்மின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணா, நம்ம தண்ணி ரிப்போர்ட்டு எதனா இருக்குதாண்ணா? டாக்டரு கேக்குறாரு."

"தண்ணி சுத்தமாத்தான் கீதும்மா. நீ மொதல்ல அவன் பாட்டிலப் பாரு."

"அவரு குடிக்க மாட்டாரு. உங்களுக்குத் தெரியாதாண்ணா?"

தெரியும். அதனால்தான் எழுந்துபோய் மோட்டாரைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் பேச முடியாது.

காலனிப் பிள்ளைகளுக்குப் பாடம் மனதில் நிற்பதில்லை என்று டீச்சரும் குறைப்பட்டார். வீட்டில் வளர்ப்பு சரியில்லை என்றேன். கலைப்பிரியா வகுப்பில் முதல்.

பெரியசாமியை டேங்கில் ஏற்ற வேண்டாம் என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். போன மார்ச்சில் பாதி ஏணியில் அவன் கால் பிடிக்கவில்லை. விழுந்தவன் பிழைக்கவில்லை. போலீஸ் கேட்டபோது சாராய வாடை வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உடம்பில் சாராயம் இல்லை என்று ஆஸ்பத்திரி சொன்ன பிறகும் ஊர் என் பேச்சைத்தான் நம்பியது. ஜெசிந்தா எங்கே போனாலும் குடிகாரன் பெண்டாட்டி என்றார்கள்.

அவள் தெருக்குழாயில் ஒரு பாட்டில் பிடித்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, இதே விழுப்புரத்தில் சோதிக்கக் கொடுத்திருக்கிறாள். என் புருஷன் குடிகாரன் இல்லை என்று எழுதிக் கொடுங்கள், அது போதும் என்று உங்களிடம் மனுவும் கொடுத்திருக்கிறாள். எழுதிக் கொடுக்கிறேன். அவன் குடிக்கவில்லை. கடிதத்தைப் படித்தவன் நான். வால்வைத் திருப்பியவன் நான். தெரிந்தே அவனை ஏணியில் ஏற்றியவனும் நான்தான்.

ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். அந்த ஒருநாள் என் வீட்டுக் குழாயும் காய்ந்திருக்கும், மேடம்.

குவாரித் தண்ணீர் ஊர்ப்பக்கம் வராமல் தடுக்கும் வால்வை மட்டும் கடைசிவரை இறுக்கினேன். கெட்டுப்போன அந்த ஒன்று அதுதான். நேற்று உங்கள் ஆட்கள் இரண்டு பேர் தொங்கியும் திரும்பவில்லை. ஆனால் ஏரித் தண்ணீர் காலனிக்குப் போகும் வால்வையும் பார்த்திருப்பார்களே. அதில் கால் சுற்று விட்டுத்தான் வைத்திருந்தேன். எட்டு வருடம் அந்த வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக அவர்களுக்கும் நல்ல தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது. மனசில்லாதவன் அப்படி விட்டுவைப்பானா? அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.