மேஸ்திரியின் மணி

— கூண்டைத் தொழுவத்துக்குள்ள வைக்காதீங்க தம்பி. மாடு மிரளும்.

— வச்சாச்சு, ஒண்ணு மாட்டியும் ஆச்சு அக்கா. கழுத்துல மணி கட்டின பூனை. உங்களுதுதானே?

— அடப்பாவி மேஸ்திரி! ஒரு துண்டு மீனுக்கா உள்ள போன? மானத்தை வாங்கிட்டியே.

— மேஸ்திரியா?

— எங்க வீட்டுக்காரர் வச்ச பேரு. தினம் காலையில வயலைச் சுத்தி வரும். ஒரு வேலையும் செய்யாது.

— செஞ்சிருக்கு அக்கா. நீங்க எங்க பறவைக் கணக்குல சேர்ந்த ரெண்டு வருஷமும் இந்த வயல்ல முப்பத்தெட்டு வகை. இந்த ஆறு மாசமா ஒண்ணுமே இல்லை. இப்படிக் குறைஞ்ச இடத்துல பூனையைப் பிடிச்சு டவுன் காப்பகத்துல விடணும்னு ஆபீஸ் உத்தரவு.

— பறவை இருக்கே. அதோ கம்பியில மூணு. எழுதிக்கோங்க.

— நான் எழுதக்கூடாது. வயல்காரங்க கண்ணால பார்த்து, மாசாமாசம் எழுதி அனுப்புற தாள்தான் கணக்கு. நீங்க வெறும் தாளை அனுப்பியிருக்கீங்க.

— அவர் தவறிப் போய் ஆறு மாசம் ஆச்சு. தாள் மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு. திருப்பி அனுப்பலேன்னா கோவிச்சுக்குவீங்களோன்னு அனுப்பினேன்.

— பேரு எழுதி அனுப்பியிருக்கலாமே. பழைய தாள் எல்லாம் உங்க கையெழுத்துதானே?

— பேரு எழுதத் தெரியும். எந்தப் பேரு எந்தப் பறவைக்குன்னு தெரியாது.

— அவருக்கு என்னா பார்வை அக்கா! பயிருக்குள்ள பதுங்குற காடையைக்கூட விடலையே. எங்க பறவைக் கணக்கு போடுற இந்த வருஷப் புத்தகத்துல அவர் பேருதான் முதல்ல வருது. ஆபீஸ் பூரா அவர் பேச்சுதான்.

— அப்படியா பேசுறாங்க?

— பின்னே? சரி, கூண்டை வண்டியில ஏத்துறேன்.

— இருங்க தம்பி. இது ஒரு குருவியைப் பிடிச்சதில்லை. இந்த மணியை மாட்டிக்கிட்டு எதைப் பிடிக்கும்? வரப்புல இறங்கினா வயலே எழுந்து உட்காரும்.

— அப்ப எதுக்கு மணி?

— அவருக்காக.

— பூனை கழுத்து மணியால அவருக்கு என்ன பிரயோஜனம்?

— சொன்னா புத்தகத்துல இருந்து அவர் பேரை எடுத்துடுவீங்களா?

— கணக்குல தப்புன்னா எடுத்துடுவாங்க அக்கா. என் கையில இல்லை.

— யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார்.

— அப்ப சொல்லாதீங்க. வண்டி நிக்குது.

— மேஸ்திரி கத்துது பாருங்க. கூண்டைத் திறங்க.

— சொல்லிட்டீங்கன்னா திறக்கிறேன்.

— திறங்க தம்பி. சொல்றேன்.

— திறந்தாச்சு. ஓடியும் போச்சு. சொல்லுங்க.

— இது மணியோட வரப்புல நடக்கும். பறவையெல்லாம் கத்திக்கிட்டே கிளம்பும். அவர் வாசல்ல நாற்காலியில உட்கார்ந்து ஒவ்வொண்ணா பேரு சொல்வார், நான் எழுதுவேன். அந்த ரெண்டு வருஷமும் அவருக்குக் கண்ணு தெரியாது தம்பி.