பெட்டியின் வெளிப்பக்கம்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு மீன்காரப் பெண்கள் காலிக் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

"பூனைக்கும் முட்டி வலிக்கும்னு யாருக்கு யக்கா தெரியும்?"

"எந்தப் பூன?"

"நம்ம வூட்டுக் கெழட்டுப் பூனதான். வலைய எலி கடிக்காம அதுதான் பாத்துகினு கெடந்துச்சு. மழைக்கு வெளிய போவ முடியாதுன்னு ஒரு மீன் பெட்டில மணலு கொட்டி வெச்சிருந்தோம். அதுலதான் போவும். பெட்டி ஒரு பக்கம் ஒடஞ்சு கெடந்துச்சா, நல்லதா இருக்கட்டும்னு எங்கூட்டுக்காரரே பலகை அடிச்சு புதுசா ஒண்ணு செஞ்சாரு."

"அப்புறம் இன்னா?"

"அன்னியிலேர்ந்து பெட்டியாண்ட போறதே இல்ல. புது நைலான் வலை மேலயே போய் வெச்சிச்சு. திமிருன்னு நெனச்சு, சாக்குல கட்டியாந்து செங்கல்பட்டு மீன் மார்க்கெட்டாண்ட வுட்டுட்டாரு."

திருக்கழுக்குன்றத்தில் பேருந்து நின்றது. மறுபடி கிளம்பியதும் அவள் தொடர்ந்தாள்.

"போன வாரம் பெட்டிய வெளிய இழுத்துப் போட்டேன். வெளிப்பக்கம் பூரா நகம் கீறின தடம் யக்கா. ஏறப் பாத்திருக்கு, முடியல."

"தெனம் மார்க்கெட்டுக்கு வர்றியே, கண்ணுல படலியா?"

"தேடிகினுதான் கீறேன்."

"அவரு இன்னா சொல்றாரு?"

"ரம்பத்த எடுத்து பெட்டியோட ஒரு பக்கத்த தாழ்வா அறுத்துட்டாரு. தெனம் கடலுக்குப் போவ சொல்லோ, பழைய மணலக் கொட்டிட்டுப் புது மணலு போட்டுட்டுப் போறாரு."