பச்சை ஒயர்

குளிர்காலத்தில் வெறுங்காலோடு குளியலறைக்குள் போகும்போது தரை வெதுவெதுப்பாக இருந்தால் சுகமாகத்தான் இருக்கும், ஐயா. அந்தச் சுகத்தை நான் குறை சொல்லவில்லை. டைல்ஸுக்கு அடியில் சூடேற்றும் கம்பி ஓடும். அதைச் சுற்றி உலோக வலை. வலையிலிருந்து ஒரு பச்சை ஒயர் எர்த்துக்குப் போக வேண்டும். கம்பியில் என்றாவது காயம் பட்டால் கரண்டு ஆளைத் தேடாமல் மண்ணுக்குள் போய்விடும். அவ்வளவுதான் விஷயம். நான்கு வருடம் படித்தவள் சொல்கிறேன், இதைப் புரிந்துகொள்ளப் படிப்பே தேவையில்லை.

என் அப்பா டைல்ஸ் ஒட்டுகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "எம் பொண்ணு கரண்டுப் படிப்பு படிக்குது, இனிமே நம்ம வீட்டுக்கு பில்லே வராது" என்று கூட வேலை செய்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். நான் மூன்றாம் வருடம் படிக்கும்போது, யாரோ ஒருவர் வீட்டில், ஒட்டி முடித்த தரையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே செத்துப்போனார். சூடு வருகிறதா என்று பார்க்க சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள். கம்பியில் எங்கோ கீறல் பட்டிருந்தது; பச்சை ஒயரோ எதிலும் மாட்டாமல் சுவிட்சுப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. அந்த வீட்டு வேலையை எடுத்திருந்த காண்ட்ராக்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவிடம் சொன்னார்: "நான் என்னம்மா பண்ணேன்? நான் ஒண்ணுமே பண்ணலையே. அவருக்குக் கவனம் பத்தல." விசாரணையிலும் அதையே எழுதினார்கள். அம்மா அந்தச் சொல்லோடுதான் இன்னும் சமைக்கிறாள், துணி துவைக்கிறாள்.

ஆறு வருடம் கழித்து, சோதனை செய்து சான்றிதழ் கொடுக்கும் வேலையில் நான் இருந்தபோது, அதே காண்ட்ராக்டர் தனக்கென்று கட்டிய புது வீடு என் பட்டியலில் வந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "என்ன பாப்பா, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியுமா, இல்ல புத்தகத்துல படம் பாத்ததோட சரியா?" என்றார்.

"பிடிச்சுப் பாக்குறேன் சார்" என்றேன்.

பெட்டியைத் திறந்தேன். அரைகுறையாக இருந்திருந்தால் குறையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். அரைகுறையாக இல்லை. பச்சை ஒயர் புத்தகத்தில் இருப்பதுபோல இறுக்கமாக மாட்டியிருந்தது. கசிவு வந்தால் தானே விழுகிற பிரேக்கரும் புத்தம் புதிது. அப்படியானால் அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா குனிந்து தரை துடைத்த அன்றைக்கும் தெரிந்திருக்கிறது.

சோதிக்கும்போது பச்சை ஒயரைக் கழற்றித்தான் மீட்டரை வைப்போம். பிரேக்கரையும் ஒதுக்கிவிட்டுக் கரண்டை நேராக விடுவோம். முடிந்ததும் எல்லாவற்றையும் பழையபடி மாட்ட வேண்டும். நான் மாட்டவில்லை. மூடியை மூடிக் கையெழுத்துப் போட்டேன். நான் ஒன்றும் செய்யவில்லை, ஐயா. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டேன். அதுவும் அவரிடம் கற்றதுதான்.

மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. தினமும் காலையில் என் பஸ் அந்தத் தெரு முனையில் நிற்கும். இறங்கினால் பத்து நிமிட வேலை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு, கதவு சுவரில் இடிக்கிறதென்று தரையில் தடுப்புக் கட்டை வைக்க யாரோ துளை போட்டிருக்கிறார்கள். துளை கம்பி வரைக்கும் போய்விட்டது. மறுநாள் காண்ட்ராக்டரின் மனைவி குளித்துவிட்டு ஈரக்காலை எடுத்து வைத்தார்.

துக்கம் கேட்கப் போனேன். "அக்காவுக்குக் கவனம் பத்தல சார்" என்றேன். அப்போதுதான் காண்ட்ராக்டருக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

புருஷனுக்கு வைத்தது பெண்டாட்டிக்குப் போய்விட்டது என்று எழுதிக்கொள்கிறீர்கள். என் அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன், அவளும் நம்பினாள். அந்த வரியை அடித்துவிடுங்கள். சோதனைக்குப் போன அன்றைக்கு எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தது அந்த அக்காதான். "முட்டி வலிக்குதுன்னு எனக்குன்னே இந்தத் தரையப் போட்டாரும்மா. அவரு மாடியில குளிச்சுக்குவாரு. ஈரக்காலோட நடக்கலாம்ல?" என்று கேட்டார். அப்போது ஒயர் மாட்டித்தான் இருந்தது. திருகைக்கூட நான் தொட்டிருக்கவில்லை.

"தாராளமா நடங்கக்கா" என்றேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கழற்றினேன்.