பசியின் மேல் பழி

“சாப்பாட்டப் பத்திப் படிக்க ஒரு காலேஜா?” என்று கேட்டார் பெரியப்பா. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். பசி எப்படிக் கோபத்தையும் பதற்றத்தையும் கூட்டுகிறது என்பதே என் ஆய்வு. வெறும் வயிற்றோடு கடலில் இறங்கும் சங்கு குளிக்கும் ஆண்களிடம் விசாரிக்கத்தான் அன்று திரேஸ்புரம் போகும் மினிபஸ்ஸில் ஏறினேன். முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவளுக்குக் கன்னம் வீங்கியிருந்தது.

“ஒம் புருசன் மறுபடியும் அடிச்சானா?” என்று கேட்டாள் மூத்தவள்.

“சங்கு குளிச்சிட்டு வாராருக்கா. காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல. பசியில கை நீண்டுட்டுன்னு மாமியா சொல்லுதாவ.”

“நீ எப்பச் சாப்பிட்ட?”

“அவரு வந்து சாப்பிட்ட பொறவுதான். மூணு மணி இருக்கும்.”

“அப்ப ஒனக்கும் வெறும் வயிறுதான? ஏளா, நீ யார அடிச்ச?”

“நான் யார அடிக்க? கை நடுங்கும், நெஞ்சு படபடங்கும். அவ்வளவுதான்.”

“பொறவு எதுக்குப் பசி மேல பழியப் போடுதா ஒம் மாமியாக் கெழவி? இவன் பசியில படகு முதலாளிய அடிப்பானா?”

பின்னால் இருந்த எனக்கு முகம் எரிந்தது. ஆண்களிடம் மட்டும் கேட்டிருந்தால், என் ஆய்வும் அந்த மாமியார் சொன்னதையேதான் சொல்லியிருக்கும்.

சங்கு குளிப்பவர்கள் குடியிருக்கும் தெருவில் இதுவரை ஒன்பது மனைவிகளிடம் பேசிவிட்டேன். கணவர்களிடம் இனிமேல்தான் போக வேண்டும்.